சாரயேவோ: ஊருக்குள் சுற்றுவது சுலபம், வந்து சேர்வதுதான் பாடு

கேள்வி. 2025 செப்டம்பர் 14

அக்டோபர் கடைசியில் குரோஷியா போகிறோம். நான், கணவர், அம்மா. அங்கே டுப்ரோவ்னிக்கிலிருந்து, பக்கத்து நாடான போஸ்னியாவின் தலைநகர் சாரயேவோவை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், சின்ன ஊர்தான் என்கிறார் டூர் ஆள். அம்மா சைவம், முழங்கால் வலியும் உண்டு. இந்திய பாஸ்போர்ட், ஷெங்கன் விசா. சரிப்படுமா?

செப்டம்பர் 14, இரவு

சரிப்படாது. வேலை விஷயமாக அந்த ஊருக்கு அடிக்கடி போய்வருகிறவன் என்பதால் நேராகச் சொல்கிறேன். சின்ன ஊர் என்பது உண்மைதான், பழைய பகுதியை ஒரு மதியத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் டுப்ரோவ்னிக்கிலிருந்து சாலை வழியாக ஒரு பக்கத்துக்கே நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும், அதுவும் எல்லையில் வரிசை இல்லாவிட்டால்தான். போக ஐந்து, வர ஐந்து என்றால் நடுவில் ஒரு காபியும் ஒரு படமும் எடுக்கலாம், அவ்வளவுதான். அம்மாவின் முழங்காலை மலைப்பாதை நடையைவிட இந்த பஸ் சீட்தான் அதிகம் வாட்டும். இரண்டு இரவாவது தங்குங்கள். இல்லையென்றால் சாரயேவோவை விட்டுவிட்டு அதே நாட்டின் மோஸ்தார் ஊருக்கு மட்டும் போய்விட்டு வாருங்கள், ஒரு நாளுக்கு அது நியாயமான தூரம்.

விசா: போஸ்னியா ஷெங்கனில் (பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த பொது விசா வட்டாரம்) இல்லை. ஆனால் செல்லுபடியாகும் மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருந்தால் தனி விசா இல்லாமல் 30 நாள் வரை இருக்கலாம். "மல்டிபிள்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன். அங்கிருந்து போஸ்னியாவுக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியே போனதாகக் கணக்கு. சிங்கிள் என்ட்ரி விசாவோடு போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், டுப்ரோவ்னிக்கில் இருக்கும் பெட்டியை யாராவது கூரியரில்தான் அனுப்ப வேண்டும். ஸ்டிக்கரை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 15

காலையில் எழுந்ததும் நினைவுக்கு வந்தது, பணம். அங்கே நடப்பது 'கன்வெர்டிபிள் மார்க்'. ஜெர்மன் மார்க்கோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி வைத்தார்கள். ஜெர்மனியில் மார்க் போயே போய்விட்டது, இவர்களிடம் மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், நிரந்தரமாக, அதனால் ரேட் பார்த்துக் காத்திருக்கிற வேலை கிடையாது. பழைய ஊர்க் கடைகளில் பத்து மார்க்குக்கு ஐந்து யூரோ என்று வாங்கிக்கொள்வார்கள். கணக்குப் போட்டால் நமக்குத்தான் நாலு காசு லாபம், மீதி மட்டும் மார்க்கில் வரும்.

அந்த மீதியை ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் செலவழித்துவிடுங்கள். எல்லை தாண்டினால் மாற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். இன்னொன்று, ஒரே மதிப்புள்ள நோட்டில் இரண்டு வேறு வேறு முகங்கள் இருப்பதைப் பார்த்துக் கள்ள நோட்டோ என்று பயப்பட வேண்டாம். நாட்டின் இரண்டு பாகங்களுக்கும் தனித்தனிப் படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், இரண்டும் எங்கேயும் செல்லும்.

செப்டம்பர் 17

சைவம் பற்றித் தனியாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

பாஷ்சார்ஷியா என்கிற பழைய கடைவீதியில் தெருவுக்குத் தெரு இரண்டு வகைக் கடைகள். ஒன்று செவாப்பி கடை. அதில் கறி, ரொட்டி, வெங்காயம், முடிந்தது. அம்மாவை அங்கே அழைத்துப் போகாதீர்கள், வெங்காயத்தை வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்று அடுக்குமாவில் உள்ளீடு வைத்துச் சுருட்டிச் சுடுகிற கடை. சாரயேவோவில் புரெக் என்றால் கறி வைத்தது மட்டும்தான், வேறு நாட்டில் சீஸ் புரெக் சாப்பிட்ட பழக்கத்தில் கேட்டால் கறிதான் வரும். கேட்க வேண்டியது சிர்னிட்சா (சீஸ்), ஸெல்யானிட்சா (கீரையும் சீஸும்), க்ரோம்பிருஷா (உருளைக்கிழங்கு). எடை போட்டுத் தருவார்கள், கால் கிலோ ஒரு ஆளுக்குத் தாராளம். "இஸ்பொத் சாச்சா" என்று எழுதியிருக்கும் கடையில் மூடிமேல் கனல் போட்டுச் சுடுவார்கள், அது தனி ருசி. பக்கத்தில் ஒரு தம்ளர் தயிர் வாங்கிக்கொண்டால் மதியச் சாப்பாடு ஆயிற்று.

ஆனால் ஒரே தட்டில் கறிப் புரெக்கும் சீஸும் பக்கத்துப் பக்கத்தில் வேகும், ஒரே கத்தியால் வெட்டுவார்கள். அம்மா அதைப் பார்ப்பவர் என்றால் இந்தக் கடைகள் ஒத்துவராது. காலைக்கு உஷ்டிப்ட்ஸி (பொரித்த மாவு உருண்டை) கேளுங்கள், கய்மாக் என்னும் ஆடையைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய ஊரில் பன்றி கிடையாது, செவாப்பியில் இருப்பது பெரும்பாலும் மாடு. "இறைச்சிதானே" என்று பொத்தாம்பொதுவாக வாங்கிவிட்டு அப்புறம் யோசிக்க வேண்டாம்.

செப்டம்பர் 18

நடுவில் ஒரு தம்பி, செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து பஸ்ஸில் வந்து அதே வழியில் திரும்பப் போகிறேன், பஸ் ஸ்டாண்ட் எங்கே என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

பஸ் ஸ்டாண்ட் இரண்டு. ஒன்று ரயில் நிலையத்தை ஒட்டி, ஊர் நடுவிலேயே. மோஸ்தார், குரோஷியா பக்கமெல்லாம் அங்கிருந்து. இன்னொன்று கிழக்கு சாரயேவோவில், லுகாவிட்சா பக்கம். அது போஸ்னியாவின் இன்னொரு பாகமான செர்பியக் குடியரசில் (ரெபுப்லிகா ஸ்ர்ப்ஸ்கா, செர்பியா நாடு இல்லை) இருக்கிறது. பெல்கிரேடு, விஷெகிராட், த்ரெபின்யே போகிற பஸ்கள் பெரும்பாலும் அந்த ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்பும். டிக்கெட்டில் "சாரயேவோ" என்பதற்கு முன்னால் "இஸ்தோச்னோ" (கிழக்கு) என்று போட்டிருந்தால் அதுதான். ஒரு முறை நடு ஸ்டாண்டில் ஒரு ஐரோப்பிய ஜோடி முதுகில் மூட்டையோடு பெல்கிரேடு பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தது. பஸ் புறப்பட இருபது நிமிடம். டாக்ஸிக்காரரை நான்தான் பிடித்துக் கொடுத்தேன், போய்ச் சேர்ந்தார்களா தெரியாது.

லுகாவிட்சாவுக்கு டாக்ஸி வேண்டாம் என்றால் 103-ம் எண் ட்ராலிபஸ். லத்தீன் பாலத்துக்கு எதிர்க்கரையில் ஆஸ்திரியச் சதுக்கத்தில் ஏறி டோப்ரின்யா கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஸ்டாண்ட் நடக்கிற தூரம். பெட்டியை பஸ்ஸின் அடியில் வைக்கத் தனியாக ஒன்றிரண்டு மார்க் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, வழக்கம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்கிரேடுக்கு ரயில் இருக்கிறதா என்றால், இல்லை. பழைய யூகோஸ்லாவியா வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

செப்டம்பர் 21

மேலே "பழைய பகுதியை ஒரு மதியத்தில் நடந்து முடித்துவிடலாம்" என்று எழுதினேன். முழங்கால் வலி உள்ளவருக்கு அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஊர் மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் மேற்கு கிழக்காக நீண்டு கிடக்கிறது. ஆற்றை ஒட்டிய பகுதி சமதளம், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அங்கிருந்து வடக்கே திரும்பினாலும் தெற்கே திரும்பினாலும் உடனே ஏற்றம்தான், சும்மா ஏற்றம் இல்லை, இளவட்டமே மூச்சு வாங்குகிற ஏற்றம். தங்குமிடம் பார்க்கும்போது "பாஷ்சார்ஷியாவிலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருந்தால் எந்தத் திசையில் 400 என்று பாருங்கள். அந்த 400 மீட்டர் செங்குத்தாக இருக்கலாம். மழை பெய்தால் கல் பாவிய தெரு வழுக்கும்.

மஞ்சள் கோட்டை (ஜூட்டா தாபியா) சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் கூடுகிற இடம். போகும்போது டாக்ஸி, வரும்போது மெதுவாக நடை. டாக்ஸி பெரிய செலவில்லை, மீட்டர் போடுகிறாரா என்று மட்டும் பாருங்கள். விமான நிலைய வாசலில் நிற்கிறவர்களிடம் மட்டும் கூடுதல் கவனம். என்னிடம் ஒருவர் வழக்கமான தொகையைப் போல இரண்டு மடங்கு கேட்டார், மீட்டரைக் காட்டியதும் அது திடீரென்று "ரிப்பேர்" ஆகிவிட்டது. இறங்கிவிட்டேன்.

டிராம்: ஒரே தடம் மாதிரிதான், குழம்ப வேண்டாம். 3-ம் எண் பாஷ்சார்ஷியாவையும் மேற்கே இலிஜாவையும் இணைக்கிறது, 1-ம் எண் ரயில் நிலையத்துக்கு. பழைய ஊரை மட்டும் வண்டி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று சுற்றும், அதாவது ஆற்றங்கரை வழியாக உள்ளே வரும், வடக்குப் பக்கத் தெரு வழியாக வெளியே போகும். அதனால் இறங்கின இடத்திலேயே திரும்ப ஏற நிற்காதீர்கள். டிக்கெட்டை கியோஸ்கில் வாங்கி, ஏறியவுடன் மெஷினில் பதியுங்கள். பதியாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை என்பது பரிசோதகர் கட்சி, வெளியூர் முகத்தைக் கண்டால் அவர்கள் நேராக வருவார்கள்.

செப்டம்பர் 28

போர் சம்பந்தமான இடங்களை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை அந்த ஊர் போஸ்னிய செர்பியப் படையின் முற்றுகையில் இருந்தது. மலைமேல் பீரங்கி, கீழே ஊர். நீங்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுக்கிற அதே மலைகள்தான். 2012-ல் இருபதாம் ஆண்டுக்கு நடுத் தெருவில் 11,541 சிவப்பு நாற்காலிகள் போட்டார்கள், கொல்லப்பட்ட ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு போனால் நடைபாதையில் சிவப்பு ரெசின் ஊற்றிய குழிகளைக் காணும்போது என்னவென்று புரியும். ஷெல் விழுந்து ஆள் செத்த இடங்கள் அவை. மிதிக்காமல் போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும்.

என் யோசனை, இந்த இடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள். 1995 ஜூலையில் போஸ்னிய முஸ்லிம்களைக் கொன்ற ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை பற்றிய கேலரி 11/07/95 ஒரு நாள், போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகம் இன்னொரு நாள். இரண்டாவதில் குழந்தைகள் வைத்திருந்த சாமான்கள்தான், ஒரு பொம்மை, ஒரு சட்டை, பக்கத்தில் அதன் சொந்தக்காரர் எழுதிய சில வரிகள். இரத்தம் கித்தம் எதுவும் இல்லை, ஆனால் எனக்கு முதலாவதைவிட அதுதான் கனமாக இருந்தது. அம்மாவை எதற்கு அழைத்துப் போவது என்பது உங்கள் முடிவு.

சுரங்கப்பாதை (டூனல் ஸ்பாஸா): விமான ஓடுதளத்துக்கு அடியில் 1993-ல் தோண்டியது, சுமார் 800 மீட்டர். முற்றுகைக்குள் இருந்த ஊருக்குச் சோறும் மருந்தும் ஆயுதமும் போய்வந்த ஒரே தரைவழி. இன்று நடந்து பார்க்கக் கிடைப்பது அதில் ஒரு சிறு துண்டுதான், குனிந்து போக வேண்டும். முழங்கால் வலி என்றால் மேலே சுரங்க வாசல் வீட்டில் இருக்கும் படங்களையும் வீடியோவையும் பார்த்துவிட்டு வரலாம். அது ஊருக்கு வெளியே இலிஜா பக்கம். அதே நாளில் வ்ரெலோ போஸ்னேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்னா ஆறு பூமியிலிருந்து ஊற்றெடுக்கிற இடம். இலிஜாவிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நேரான மரச்சாலை, குதிரைவண்டி கிடைக்கும். காலையில் சுரங்கம் பார்த்த மனசுக்கு மத்தியானம் தண்ணீரும் அன்னப்பறவையும் தேவைப்படும்.

வியெச்னிட்சாவை விட்டுவிடாதீர்கள். 1896-ல் திறந்த நகர மண்டபம், பிறகு தேசிய நூலகம். 1992 ஆகஸ்டில் ஷெல் போட்டு எரித்தார்கள், லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பல். யாழ்ப்பாணத்தை அறிந்த யாருக்கும் இந்த இடத்தில் கூடுதலாக ஒன்று தோன்றும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. 2014 மே மாதம் திரும்பத் திறந்தார்கள். நூலகம் அங்கே திரும்பவில்லை, கட்டடம்தான் திரும்பியது.

ஊர்க்காரரிடம் போரைப் பற்றி நீங்களாகத் தோண்டாதீர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். வழிகாட்டி சொல்வது ஒரு தரப்பின் கதை, செர்பியர் பக்கமான லுகாவிட்சாவில் கேட்டால் வேறு மாதிரி வரும். சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அதில் பஞ்சாயத்து செய்ய வேண்டாம்.

அக்டோபர் 2

த்ரெபெவிச் மலைக்குப் போகிற கேபிள் கார் "டூரிஸ்ட் கொள்ளை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு கட்டணம் என்பது வாஸ்தவம். அவர்கள் ஊர், அவர்கள் மலை. 1959-ல் தொடங்கியது, போரில் அழிந்தது, 2018 ஏப்ரல் 6-ம் தேதிதான் திரும்ப ஓடியது. ஏழெட்டு நிமிடத்தில் மேலே. காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு, ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்குக் கட்டிய பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி) கான்கிரீட் தடம் வழியாக நடந்து இறங்குவது. தடம் முழுக்கச் சுவர் ஓவியம். நல்ல ஷூ வேண்டும்.

நடக்கும்போது போட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை அழகுக்கு வைத்தது இல்லை. நாட்டின் மலைகளில் சில இடங்களில் கண்ணிவெடி இன்னும் இருக்கிறது. ஆட்கள் நடமாடுகிற தடத்தில் பயமில்லை, குறுக்குவழி வேண்டாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு: மேலே போய் ஒரு காபி, அதே கேபிளில் கீழே. கீழ் நிலையமே ஆற்றிலிருந்து கொஞ்சம் ஏற்றம், அதற்கும் டாக்ஸி.

அக்டோபர் 3

காபி என்றதும் ஒருவர் "ஃபில்டர் காபி மாதிரி இருக்குமா" என்கிறார். இருக்காது, பால் கிடையாது. செம்புத் தட்டில் சின்னச் செம்புச் சட்டி, கைப்பிடியில்லாத கோப்பை, சர்க்கரைக் கட்டி, ஒரு துண்டு 'லோகும்' மிட்டாய். கசடு அடியில் தங்கட்டும், கடைசி மடக்கைக் குடிக்காதீர்கள். இதை நின்றபடி மூன்று நிமிடத்தில் முடித்தால் கடைக்காரர் வருத்தப்படுவார்.

அக்டோபர் 13

நேற்று முதல் ஷெங்கன் எல்லைகளில் இஇஎஸ் என்கிற புதுப் பதிவு முறை தொடங்கியிருக்கிறது. விரல்ரேகை, முகப்படம். 2026 ஏப்ரல் வரை படிப்படியாகக் கொண்டுவருவதாகத்தான் திட்டம், எல்லா வாசலிலும் ஒரே நாளில் வராது. ஆனால் போஸ்னியாவிலிருந்து குரோஷியாவுக்குள் திரும்பும்போது பஸ்ஸில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். திரும்புகிற அன்றே விமானம் வைக்காதீர்கள்.

வாடகைக் கார் எடுத்தால் போஸ்னியாவுக்குள் கொண்டுபோக அனுமதியும் இன்ஷூரன்ஸ் காகிதமும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். டுப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்ப்ளிட் மட்டும் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்பு நடுவில் போஸ்னியாவின் 'நெயும்' என்கிற ஊர் வழியாகப் போக வேண்டியிருந்தது, 2022-ல் பெல்யெஷாட்ஸ் பாலம் வந்தபின் சுற்றிப் போய்விடலாம்.

நவம்பர் 6

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். மூன்று இரவு தங்கினார்களாம், நல்லது. அம்மாவுக்கு மிகவும் பிடித்தது மணிக்கூண்டு என்பதில் எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் நான் அதைப் பற்றி எழுதவே இல்லை. காஸி ஹுஸ்ரெவ் பெக் மசூதி பக்கத்தில் இருக்கிறது. சூரியன் மறையும் நேரம்தான் அதில் பன்னிரண்டு, தொழுகைக்காக. அதற்கென்று ஒரு ஆள் முள்ளைத் திருத்திக்கொண்டே இருப்பார். பஸ் பிடிக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கிளம்ப வேண்டாம்.

மோஸ்தாருக்கு ரயிலில் போனது சரியான முடிவு. கோன்யிட்ஸ் தாண்டியபின் நெரெட்வா ஆறு கூடவே வரும், இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. நாளுக்கு இரண்டே வண்டி மாதிரிதான், அதனால் நேரத்தை முதல் நாளே நிலையத்தில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் யாப்லானிட்சா பக்கம் வெள்ளத்திலும் சரிவிலும் அந்தத் தடம் சேதமாகி ரயிலே நின்றது. கனமழை பெய்தால் பஸ்ஸையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 22

டிசம்பரில் விமானத்தில் போகிறேன், பனி பார்க்க வேண்டும் என்கிறவருக்கு. பனி இருக்கும், கூடவே புகையும் இருக்கும். பள்ளத்தாக்கு என்பதால் குளிர்காலத்தில் குளிர்காற்று கீழே தேங்கி, விறகும் கரியும் எரிக்கிற புகை மேலே போக வழியில்லாமல் ஊரிலேயே நிற்கும். ஆஸ்துமா இருந்தால் வேறு மாதம் பாருங்கள். மூடுபனியில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்புவதும் சகஜம். எங்களை ஒரு முறை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கிவிட்டு பஸ் வரும் என்றார்கள், பஸ் விடியற்காலை வந்தது. கையில் வைக்கிற பையில் ஒரு ஸ்வெட்டரும் மாத்திரையும் வையுங்கள். கேபிள் காரில் மேலே போனால் மட்டும் பல நாள் வெயில் அடிக்கும், கீழே ஊரே தெரியாது.

போக மே, ஜூன், செப்டம்பர் நல்லது. ஆகஸ்டில் திரைப்பட விழா, அறை கிடைப்பதும் கஷ்டம், விலையும் ஏறும்.

நவம்பர் 23

போன். ஐரோப்பிய ஒன்றியத்து சிம்மில் ரோமிங் இலவசம் என்று நினைத்து போஸ்னியாவில் டேட்டாவைத் திறந்து வைத்துவிடாதீர்கள், அந்தச் சலுகை அங்கே கிடையாது. எல்லைக்கு முன்பே அணைத்துவிட்டு, உள்ளே போய் உள்ளூர் சிம் வாங்குங்கள். பிளக் ஐரோப்பிய இரண்டு முள்தான், நம் போன் சார்ஜரின் உருண்டை முள் போகும், லேப்டாப்பின் தடித்த மூன்று முள் போகாது.